பள்ளி பேண்டு நடத்துபவர்களும் பேண்டுக்கு எழுத நினைப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பேண்டு பொறுப்பு யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. சில இடத்தில் இசை ஆசிரியர், பல இடத்தில் பி.டி. மாஸ்டர், சில இடத்தில் வாரம் இரண்டு நாள் வந்துபோகும் பழைய போலீஸ் பேண்டுக்காரர். அவர்களுக்காகவும், அதே பேண்டுக்குச் சொந்தமாக ஏதாவது எழுதிப் பார்க்கலாமா என்று கேட்கும் இளைஞர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பேண்டு நடத்துபவருக்குக் கொஞ்சமாவது எழுத வர வேண்டும், எழுதுபவர் கொஞ்ச நாளாவது அந்த பேண்டு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதனால்தான் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

ஹெச்.எம். கூப்பிட்டு "இந்த வருஷம் பேண்டு நீங்கதான் சார்" என்று சொல்லிவிட்டார். எங்கே தொடங்குவது?

அலமாரிச் சாவியை வாங்குங்கள். என்ன இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தோல் கிழிந்த பேஸ் டிரம், பிஸ்டன் இறுகிப்போன டிரம்பெட், வார் அறுந்த சிம்பல் எல்லாம் கிடைக்கும், பயப்பட வேண்டாம், பாதி சரிசெய்யக்கூடியவைதான்.

அடுத்தது பிள்ளைகள் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நன்றாக வாசிக்கிற பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நம்பி ஜூனில் திட்டம் போடுவார்கள், அரையாண்டுத் தேர்வு நெருங்கியதும் அந்தப் பிள்ளைகளை வகுப்பாசிரியரும் விடமாட்டார், வீட்டிலும் விடமாட்டார்கள், ஜனவரி 26 வரும்போது பேண்டில் பாதி இடம் காலி. எனவே சுதந்திர தினத்துக்குப் பெரிய பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள், குடியரசு தினத்துக்கு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளைத் தயார்செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நான்கு வருஷம் உங்களோடு இருக்கும் என்பதை மறக்காதீர்கள். உங்கள் உண்மையான பேண்டு அதுதான்.

எந்தப் பிள்ளைக்கு எந்த வாத்தியம் கொடுப்பது?

உயரமானவனுக்கு பேஸ் டிரம், மீதி வந்த வரிசைப்படி என்பது பழைய முறை. அதைவிடக் கொஞ்சம் மெனக்கெடலாம். ஒவ்வொரு பிள்ளையிடமும் மவுத்பீஸை மட்டும் கொடுத்து ஊதச் சொல்லுங்கள் (ஒருவர் ஊதியதும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு, இதில் சோம்பல் வேண்டாம்). சிலருக்கு டிரம்பெட்டின் சின்ன மவுத்பீஸில் உதடு உடனே அதிரும், சிலருக்கு யூஃபோனியம் என்ற பெரிய பித்தளை வாத்தியத்தின் மவுத்பீஸ் அளவு பெரிதாக இருந்தால்தான் வரும். டிரம்போன் கொடுக்கும்முன் கையை நீட்டச் சொல்லிப் பாருங்கள். அதில் ஏழு நிலைகள் உண்டு, குட்டிக் கை ஆறாவதையும் ஏழாவதையும் எட்டாது. கிளாரினெட்டுக்கு விரல் நுனி துளையை முழுதாக மூட வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டிருக்கும் பிள்ளைக்கு டிரம்பெட் வலிக்கும், அந்தக் காலத்துக்கு அந்தப் பிள்ளையை யூஃபோனியத்துக்கோ தாள வாத்தியத்துக்கோ மாற்றலாம்.

இன்னொன்று, டிரம் என்றால் "எதற்கும் லாயக்கில்லாதவன்" என்று ஒதுக்காதீர்கள். காலப்பிரமாணம் பிசகாத பிள்ளைதான் பேஸ் டிரம்முக்கு வேண்டும். மொத்த பேண்டும் அந்த ஒரு கையை நம்பித்தான் நடக்கிறது.

புது வாத்தியம் வாங்கப் பணம் இல்லை. பழையது வாங்கலாமா?

தாராளமாக. நம் நாட்டில் பேண்டு வாத்தியம் செய்யும் பெரிய ஊர் மீரட், அங்கே ஜலி கோட்டி பக்கம் தலைமுறை தலைமுறையாக இதுவே தொழில். விலை குறைவு, ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. கடையில் கைபேசியில் டியூனர் செயலியைத் திறந்துவைத்து ஒவ்வொரு சுரமாக ஊதிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

பழைய டிரம்பெட் என்றால் ஒரு சின்னச் சோதனை. பிஸ்டனை அழுத்தாமல் அதற்குரிய குழாயைக் கொஞ்சம் வெளியே இழுங்கள், சில விநாடி கழித்து அந்தப் பிஸ்டனை அழுத்துங்கள். "பொக்" என்று சத்தம் வந்தால் காற்று கசியவில்லை, பிஸ்டன் நன்றாகத்தான் இருக்கிறது. சத்தமே இல்லை என்றால் தேய்ந்துபோனது, வாங்காதீர்கள். வெளியில் சின்னச் சப்பை விழுந்திருந்தால் பரவாயில்லை. பட்ஜெட்டில் வால்வு ஆயில், ஸ்லைடு கிரீஸ், ரீடு (கிளாரினெட், சாக்ஸ் மவுத்பீஸில் பொருத்தும் நாணல் பட்டை) மூன்றுக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். ஆரம்பப் பிள்ளைக்கு 2 அல்லது 2½ எண் ரீடு போதும் (எண் ஏற ஏற ரீடு விறைப்பாகும்), "3 போட்டால் சத்தம் கூடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஒரே ஒரு 40 நிமிட பீரியட்தான் கிடைக்கிறது. என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், ஆனால் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பதில் அதைச் செலவழிக்காதீர்கள். அது ஒத்திகை மாதிரித் தெரியும், உண்மையில் தப்பை நன்றாக மனப்பாடம் செய்யும் வேலை. முதலில் எல்லாரும் நீண்ட சுரம், மெதுவாக, நான்கு எண்ணிக்கை ஊதி நான்கு எண்ணிக்கை ஓய்வு. பிறகு ஒரு ஸ்கேல். பிறகு நேற்று எந்த நான்கு அளவில் (நோட்டேஷனில் "பார்" என்பார்கள்) தடுக்கியதோ அதை மட்டும் எடுத்துப் பாதி வேகத்தில். கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று.

டிரம்பெட்காரர்களைத் தொடர்ந்து ஊதவைக்காதீர்கள். உதடு தசைதான். ஊதும் நேரத்துக்குச் சமமாக ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் விழா அன்று காலையிலேயே உதடு செத்துப்போகும். அவர்கள் ஓய்வெடுக்கும்போது கிளாரினெட்டைப் பாருங்கள், கிளாரினெட் ஓய்வெடுக்கும்போது டிரம்மைப் பாருங்கள். டிரம்காரர்கள் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாரையும் "சி" ஊதச் சொன்னேன், கர்ணகொடூரமாக இருந்தது. வாத்தியம் கெட்டுப்போயிற்றா?

வாத்தியம் கெடவில்லை. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃபிளாட் வாத்தியங்கள், அவர்கள் தாளில் சி என்று பார்த்து ஊதினால் வெளியே கேட்பது பியானோவின் பி ஃபிளாட். ஆல்ட்டோ சாக்ஸ் இ ஃபிளாட் வாத்தியம், அதில் சி ஊதினால் கேட்பது இ ஃபிளாட். புல்லாங்குழல், டிரம்போன், டியூபா எழுதியதை எழுதியபடியே ஊதும். ஆக எல்லாரும் "சி" என்றால் மூன்று வேறு சுரங்கள் மோதிக்கொள்ளும்.

பேண்டில் பொதுவாக பி ஃபிளாட்டை ஆதாரமாக வைத்துக்கொள்வது இதனால்தான். கேட்க வேண்டியது பி ஃபிளாட் என்றால் டிரம்பெட், கிளாரினெட், டெனர் சாக்ஸ் சி ஊத வேண்டும், ஆல்ட்டோ சாக்ஸ் ஜி, ஹார்ன் இருந்தால் எஃப், மற்றவர்கள் பி ஃபிளாட். இதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர் என்றால் இன்னும் எளிது: "எல்லாரும் ச பிடிங்க" என்று சொல்லுங்கள், யாருடைய ச எங்கே என்று அவரவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அறையில் சுருதி சேர்ந்தது, மைதானத்தில் கலைந்துவிட்டது.

வெயில்தான் காரணம். காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும், ஊது வாத்தியத்தின் சுருதி ஏறும். மின்விசிறிக்கு அடியில் சுருதி சேர்த்துவிட்டு ஆகஸ்ட் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாரும் ஏறுவார்கள், எல்லாரும் ஒரே அளவில் ஏறமாட்டார்கள், கிளாக்கன்ஸ்பீல் மாதிரியான உலோகப் பட்டை வாத்தியம் ஏறவே ஏறாது. வாசிக்கப்போகும் இடத்தில் ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிவிட்டு அங்கேயே சுருதி சேருங்கள். டிரம்பெட்டில் டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும், கிளாரினெட்டில் மவுத்பீஸுக்குக் கீழே உள்ள குட்டிக் குழாயை. வாத்தியங்களை வெயிலில் தரையில் வைத்துவிட்டுத் தலைவர்கள் பேச்சைக் கேட்கப் போகாதீர்கள், அந்தப் பேச்சு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

தேசிய கீதத்தை பேண்டில் வாசிக்க ஏதாவது விதி உண்டா?

உண்டு, பலர் படிப்பதில்லை. உள்துறை அமைச்சகத்தின் ஆணைப்படி முழு கீதத்துக்குச் சுமார் 52 விநாடி. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் கொண்ட குறுகிய வடிவத்துக்குச் சுமார் 20 விநாடி, அதற்கென்று தனிச் சந்தர்ப்பங்கள் உண்டு. பேண்டு வாசிக்கும்போது, கீதம் தொடங்கப்போகிறது என்று கூட்டத்துக்குத் தெரிய டிரம் ரோல் கொடுக்க வேண்டும். ஸ்லோ மார்ச்சில் ஏழு அடி நேரம், மெதுவாக ஆரம்பித்து, முடிந்தவரை உரக்க ஏறி, மறுபடி இறங்கி, ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். அப்புறம் ஒரு அடி மௌனம், அதன் பிறகு கீதம்.

சைடு டிரம் பிள்ளைக்கு இந்த ரோல் ஒன்றே தனியாக ஒரு மாதப் பயிற்சி. கைபேசியில் நேரம் பார்த்துப் பழகுங்கள். பெரும்பாலான பள்ளி பேண்டுகள் 60 விநாடியைத் தாண்டி இழுக்கின்றன, காரணம் பக்தி இல்லை, மூச்சு போதாதது. வாக்கியத்தின் நடுவே எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் ஓட்டை விழும், பக்கத்தில் இருப்பவர்கள் மாற்றி மாற்றி மூச்செடுக்கும்படி பென்சிலில் குறித்துக் கொடுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து?

"நீராருங் கடலுடுத்த" 2021 டிசம்பரில் தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது, மோகன ராகத்தில் 55 விநாடி. அந்த அரசாணை இசைவட்டு போடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்கிறது. அதனால் பேண்டு பாட்டுக்குத் துணையாக இருக்கட்டும், பாடுபவர்களை அமுக்க வேண்டாம். ஒரு கிளாரினெட், ஒரு யூஃபோனியம், மெல்லிய சைடு டிரம் போதும்.

பேண்டு மாஸ்டர் கோணத்தில் பார்த்தால் மோகனம் பெரிய வரம். ச ரி க ப த, ஐந்தே சுரம். பி ஃபிளாட்டில் வைத்தால் டிரம்பெட் பிள்ளைக்கு சி, டி, இ, ஜி, ஏ, எல்லாமே முதல் ஆறு மாதத்தில் கைக்கு வருபவை. பாடும் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டை ஒத்துவராவிட்டால் இ ஃபிளாட்டுக்கு மாற்றுங்கள், டிரம்பெட்டுக்கு எஃப், ஜி, ஏ, சி, டி, அதுவும் கஷ்டமில்லை. தாளம் திஸ்ரம், மூன்று மூன்றாகப் போகும், மார்ச் பழகிய டிரம்காரர் பழக்கதோஷத்தில் இரண்டு இரண்டாக அடிப்பார், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் பாஸ்ட்டில் பின்வரிசைக்குக் கால் தப்பிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் சரியாகப் பழகவில்லையா?

பிள்ளைகளைத் திட்டும்முன் தூரத்தைப் பாருங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். பேண்டு மைதானத்தின் ஒரு மூலையில் நிற்கிறது, கடைசி அணி 70 மீட்டர் தள்ளி வருகிறது என்றால் பேஸ் டிரம் அடி அவர்களை அடையும்போது 0.2 விநாடி கடந்துவிடும். நிமிடத்துக்கு 120 அடி நடையில் ஒரு அடி 0.5 விநாடி. ஆக அவர்கள் கிட்டத்தட்ட அரை அடி பின்னால் கேட்கிறார்கள். அவர்கள் நேர்மையாகக் கேட்டு நடப்பதால்தான் தப்புகிறது!

பேண்டை சல்யூட் மேடைக்கு எதிரே நடுவில் நிறுத்துங்கள், அணிகளுக்கு இடையே இடைவெளியைக் குறையுங்கள், தூரத்தில் இருக்கும்போது அணித்தலைவர் "லெஃப்ட், லெஃப்ட்" என்று தன் குரலில் நடத்தட்டும், மேடைக்கு அருகே வரும்போது டிரம்மைப் பிடித்துக்கொள்ளட்டும். பேஸ் டிரம் இடது காலுக்கு, எப்போதும். அடியைக் கூட்டி அலங்காரம் செய்ய ஆசைப்படும் பிள்ளையிடம் அதை விளையாட்டு விழாவின் கடைசிச் சுற்றுக்கு ஒத்திவைக்கச் சொல்லுங்கள்.

பேண்டு அறை மிகச் சின்னது, தகரக் கூரை. காதுக்குக் கேடா?

ஆமாம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பொதுவான எல்லை, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். தகரக் கூரைக்குக் கீழே சிம்பலும் சைடு டிரம்மும் சேர்ந்தால் அதைத் தாண்டுவது சுலபம். முடிந்தால் டிரம் பயிற்சியை மரத்தடிக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் பலகையில் பழகட்டும். காதடைப்பான் மலிவு. டிரம்பெட்டின் வாய்க்கு நேராக யாரையும் உட்காரவைக்காதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள். பிள்ளை வருஷத்துக்குச் சில மணி நேரம் அங்கே இருக்கிறது, நீங்கள் பணிக்காலம் முழுக்க இருக்கிறீர்கள்.

எங்களிடம் பியூகிளும் பேக்பைப்பும்தான் இருக்கின்றன. அதில் என்ன வாசிக்க முடியும்?

பியூகிளில் பிஸ்டன் கிடையாது, உதட்டால் மட்டும் சுரம் மாற வேண்டும், அழைப்புகளுக்குப் பயன்படுவது ஐந்தே சுரம்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. இதில் சினிமாப் பாட்டு தேடாதீர்கள். ஆனால் சைடு டிரம்மோடு சேர்த்தால் அணிவகுப்புக்குப் பிரமாதமாக இருக்கும்.

பைப் வேறு உலகம். ஒன்பது சுரம். ஏ-யை ச என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஹரிகாம்போதி, கீழே ஒரு மந்திர நி. பையிலிருந்து காற்று நிற்காமல் வருவதால் நடுவில் மௌனமும் கிடையாது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதும் கிடையாது, ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க நடுவே மின்னல் வேகத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டுவர வேண்டும். சுருதி உள்ளேயே ஓடிக்கொண்டிருப்பதால் நம் காதுக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை, ஹரிகாம்போதியிலும் மோகனத்திலும் மெட்டு எழுதிக் கொடுத்துப் பாருங்கள். பைப்பையும் டிரம்பெட்டையும் சேர்த்து வாசிக்க வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். பைப்பின் சுருதி தனி, சேராது. தேசிய அளவிலான பள்ளி பேண்டுப் போட்டியிலும் பிராஸ் தனி, பைப் தனி.

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு வாசித்தால் காப்புரிமைப் பிரச்சனை வருமா?

1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் ஆசிரியர்களும் மாணவர்களும் வாசிப்பதற்கு விலக்கு தருகிறது. பார்வையாளர்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் போட்டு வெளி மண்டபத்தில் நடத்தினாலோ, பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலோ அந்த விலக்கை நம்பக் கூடாது.

இந்தியாவில் இசைப் படைப்புக்கு உரிமை, படைத்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள். தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் எழுதியவை தாராளம். பாரதியாரின் வரிகளும் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அந்த வரிகளுக்கு பின்னால் வந்த ஒருவர் போட்ட மெட்டு அவருடையதாக இருக்கலாம், இதை மறந்துவிடுகிறார்கள். யாரோ பேண்டுக்கு மாற்றி எழுதி விற்கும் தாளை நகலெடுத்து அடுத்த பள்ளிக்குக் கொடுப்பதும் சரியில்லை.

எனக்குக் கர்நாடக சங்கீதம் தெரியும், மேற்கத்திய ஐந்து கோட்டு நோட்டேஷன் தெரியாது. பேண்டுக்கு எழுத முடியுமா?

முடியும், ஆனால் நோட்டேஷனைக் கற்றே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை. ராகமும் தாளமும் தெரிந்தவருக்குச் சில மாதத்து வேலை. மேளகர்த்தாவை வைத்துப் பாலம் போட்டுக்கொள்ளுங்கள்: சங்கராபரணம் மேஜர் ஸ்கேல், நடபைரவி மைனர், கல்யாணி என்றால் மத்திமம் மட்டும் ஏறிய மேஜர். 6/8 என்று எழுதியிருப்பது திஸ்ர நடை.

முதல் பயிற்சிக்கு தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்களைச் சொல்வேன். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு அவர் சமஸ்கிருத சாகித்தியம் போட்டவை, சுமார் நாற்பது இருக்கும், சங்கராபரணம், கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) கிட்டத்தட்ட இல்லை. பேண்டிலிருந்து வந்தவை என்பதால் பேண்டுக்கே திருப்பிக் கொடுக்க எளிது. ஒன்றை எடுத்து டிரம்பெட்டுக்கு மெட்டு, யூஃபோனியத்துக்கு அடிச்சுரம், நடுவில் கிளாரினெட் என்று மூன்று பாகமாக எழுதிப் பாருங்கள்.

கமகத்தை பேண்டில் கொண்டுவர முடியுமா?

தனி ஆளுக்கு முடியும். கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனும் சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் காட்டியதைவிடச் சாட்சி வேண்டுமா என்ன? ஆனால் அவர்கள் தனி வித்வான்கள். எட்டு கிளாரினெட் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சுரத்தை அசைத்தால் எட்டும் எட்டு விதமாக அசையும், கேட்பவருக்குச் சுருதி சேரவில்லை என்றுதான் தோன்றும். அசைவு வேண்டிய வரியை ஒரே ஒருவருக்குக் கொடுங்கள், மற்றவர்கள் நேர்சுரம் பிடிக்கட்டும். கூட்டமாக வாசிக்கும் இடத்துக்கு மோகனம், ஹம்சத்வனி மாதிரி நேர்சுரத்திலேயே முகம் தெரியும் ராகங்கள் பொருந்தும். அசைவையே நம்பி நிற்கும் தோடியைத் தொடாதீர்கள்.

மென்பொருளில் அருமையாகக் கேட்கிறது, பேண்டு வாசித்தால் என் பாட்டு மாதிரியே இல்லை.

கணினிக்கு மூச்சு வாங்காது. உதடு வலிக்காது. ஒரு புல்லாங்குழலையும் நான்கு டிரம்பெட்டையும் கணினி சமமாகக் கேட்கவைக்கும், மைதானத்தில் அந்தப் புல்லாங்குழல் இருந்த இடமே தெரியாது. எனவே எழுதும்போது ஸ்பீக்கரை நம்பாமல் வாயால் பாடிப் பாருங்கள். நீங்கள் மூச்செடுக்க நின்ற இடத்தில் பிள்ளையும் நிற்கும்.

அப்புறம் வாத்தியத்தின் எல்லைகள். முதல் வருட டிரம்பெட்டுக்கு நடு சி-யிலிருந்து ஏ வரை எழுதுங்கள், மேல் சி எப்போதாவது ஒன்று. கிளாரினெட்டில் கீழ்ப் பதிவிலிருந்து மேல் பதிவுக்குத் தாண்டும் இடத்தில், அதாவது தாளில் ஏ, பி ஃபிளாட்டிலிருந்து நடுக்கோட்டு பி-க்குப் போகும்போது, கிட்டத்தட்ட வெறுங்கையிலிருந்து எல்லாத் துளையையும் ஒரே நேரத்தில் மூட வேண்டும், அங்கேதான் கீச்சிடும். ஆரம்பப் பிள்ளைகளுக்கு அந்த எல்லையை முன்னும் பின்னும் தாண்டவைக்கும் வரியை எழுதினால் தப்பு எழுதியவர் மேல்தான். இருப்பது எட்டுப் பேர், அதில் டிரம்போன் இல்லை என்றால் டிரம்போனுக்கு எழுதாதீர்கள். கேட்டால் சாதாரண விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்குக் காட்டப்படும் முதல் முயற்சிகளில் பெரும்பாலானவை எங்குமே இல்லாத ஐம்பது பேர் பேண்டுக்கு எழுதப்பட்டவை. பெயர்பெற்ற ஆங்கில இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் லண்டனில் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியராக இருந்தவர், தன் பிள்ளைகளுக்கென்றே எழுதியிருக்கிறார், அவருக்கு அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் தெரியவில்லை.

முதல் மார்ச் எழுத ஒரு அமைப்பு சொல்லுங்கள்.

நான்கு அளவு முன்னுரை. பதினாறு அளவில் முதல் பகுதி, இருமுறை. இன்னொரு பதினாறில் இரண்டாம் பகுதி, இருமுறை, இங்கே அடிச்சுர வாத்தியங்களுக்கு மெட்டைக் கொடுக்கலாம். பிறகு டிரியோ: கட்டை மாறும், பி ஃபிளாட்டில் தொடங்கியிருந்தால் இ ஃபிளாட்டுக்கு, கொஞ்சம் மென்மையாக, பாடக்கூடிய மெட்டாக. கடைசியில் அதே டிரியோ முழு பேண்டோடு. இதை நூறு வருஷத்துக்கு மேலாக எழுதுகிறார்கள், இன்னும் அலுக்கவில்லை.

யூஃபோனியம்காரரையும் மூன்றாம் கிளாரினெட்டையும் மறக்காதீர்கள். முழுப் பாட்டும் "பம், பம்" என்று இரண்டே சுரம் ஊதும் பிள்ளை அடுத்த மாதம் பயிற்சிக்கு வராது. ஒவ்வொரு பாகத்திலும் நான்கு அளவாவது வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டக்கூடிய மெட்டு இருக்கட்டும்.

எந்த மென்பொருள்?

மியூஸ்ஸ்கோர். இலவசம், பள்ளி பேண்டுக்கு எழுதுவதற்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது. பழைய புத்தகங்களில் ஃபினாலே என்று போட்டிருக்கும், 2024 ஆகஸ்டில் அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள், இனி புதிதாக அதில் இறங்க வேண்டாம்.

என் பாட்டை ஒரு பள்ளியில் வாசிக்க வைக்க எப்படி அணுகுவது?

முதலில் போய் உட்காருங்கள். அனுமதி கேட்டுப் பயிற்சி நேரத்தில் சில நாள் போய் யார் எப்படி ஊதுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு அவர்களுக்கே இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எழுதுங்கள், ஏழு நிமிடத்துக்கு வேண்டாம்.

கொடுக்கும்போது தாள்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். இதில்தான் மாஸ்டர்கள் மனம் மாறுவார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் கட்டைக்கு மாற்றிய தனித் தாள், மேலே பெயர், எட்டு அளவுக்கு ஒருமுறை எண், பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் ஓய்வு, நடந்துகொண்டே வாசிப்பது என்றால் ஒரே பக்கத்தில் முடிவது, எழுத்து பெரிதாக. "டிரம்ஸ்: விருப்பப்படி" என்று எழுதாதீர்கள், டிரம்காரருக்கும் முழுதாக எழுதுங்கள். முதல் ஒத்திகையில் மாஸ்டர் ஏதாவது மாற்றச் சொன்னால் அங்கேயே பென்சிலால் மாற்றுங்கள், வாதாட வேண்டாம். பிள்ளைகளிடம் "எங்கே கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள், பெரியவர்கள் சொல்லாததை அவர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள்.

எனக்கு சினிமாவுக்கு இசையமைக்கத்தான் ஆசை. பேண்டுக்கு எழுதுவது நேர விரயமா?

கணினியில் லூப் அடுக்குவதை மட்டும் வேலையாக நினைத்தால், ஆமாம். நிஜ ஆட்கள் வாசிக்க எழுத வேண்டும் என்றால் இதைவிட மலிவான பள்ளிக்கூடம் கிடைக்காது. இளையராஜா ஸ்கோரைக் கைப்பட எழுதிக் கலைஞர்களிடம் கொடுப்பவர் என்பது ஊருக்கே தெரியும், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் முறையாகப் படித்துத்தான் அந்த எழுத்து வந்தது. லண்டன் தேர்வு அமைப்புகளான டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும் தேர்வுகளின் தியரி நிலைகளை வீட்டிலிருந்தே படிக்கலாம், சென்னையில் 2008 முதல் ஏ.ஆர். ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. சான்றிதழ் உதவும், ஆனால் நீங்கள் எழுதிய வரியை உங்கள் முன்னால் இருபது பேர் தப்பாக வாசித்து, அது ஏன் தப்பாகப் போனது என்று கண்டுபிடித்துத் திருத்தும் அனுபவம் எந்த வகுப்பிலும் இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை.

எழுதியதைப் பதிவு செய்யாமல் கொடுத்தால் திருடிவிட மாட்டார்களா?

இந்தியாவில் எழுதி முடித்த நொடியிலேயே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. தகராறு வந்தால் சான்றாக உதவும் என்பதால் விருப்பமிருந்தால் காப்புரிமை அலுவலகத்தில் பதியலாம். ஒவ்வொரு தாளிலும் உங்கள் பெயரும் வருடமும் போடுங்கள், கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிவையுங்கள். பள்ளிக்குக் கொடுக்கும்போது, "வாசிக்கலாம், நகலெடுத்து வெளியே கொடுக்க வேண்டாம், பெயர் சொல்லுங்கள்" என்று இரண்டு வரிக் கடிதம் ஒன்று. பிற்பாடு உங்கள் பாட்டு வெளியே பொது நிகழ்ச்சிகளிலும் ஒலிபரப்பிலும் போகத் தொடங்கினால் இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகிவிடுங்கள், ராயல்டி அந்த வழியாகத்தான் வரும்.